சோப்புக்குத்தான் கூப்பன்

செப்டம்பர் 4, 2024, புதன்

சாப்பாட்டுச் சாமானுக்கு அரசு பணம் போடும் கார்டில் 14 டாலர் சொச்சம் இருக்கிறது. அடுத்த பணம் 7-ஆம் தேதி. இங்கே அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில் எல்லாருக்கும் ஒன்றாம் தேதியே போட்டுவிட மாட்டார்கள். நம் பயனாளி எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்து, 3-ஆம் தேதி தொடங்கி 21 வரைக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவார்கள். எங்கள் எண் 2-இல் முடிகிறது, அதனால் 7. 'இன்னைக்கு எந்த நம்பர் கார்டுக்குங்க போடறாங்க?' என்று ஊரில் ரேஷன் கடை வாசலில் கேட்டு நின்றதுதான் ஞாபகம் வருகிறது.

அரசின் உணவு உதவிக்கு இங்கே ஸ்நாப் என்று பெயர். மிச்சிகனில் அந்தப் பணம் ஏறும் அட்டை பிரிட்ஜ் கார்டு. இவர் வேலை பார்த்த கார் உதிரிபாகக் கம்பெனி ஆள் குறைத்தபோது விண்ணப்பித்தோம். கழிவெல்லாம் போக மிஞ்சும் வருமானத்தில் 30 விழுக்காட்டை நாமே சாப்பாட்டுக்குப் போடுவோம் என்று அவர்களாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, மீதியைத்தான் தருகிறார்கள். எங்கள் வீட்டில் அந்த 30 விழுக்காடு எந்த டப்பாவில் இருக்கிறது என்று யாராவது வந்து எடுத்துக் காட்டினால் தேவலை.

அரிசி, பருப்பு, பால், காய்கறி எல்லாம் வாங்கலாம். தொட்டியில் போட மிளகாய் விதைகூட வாங்கலாம். சோப்பு, பற்பசை, நாப்கின், டாய்லெட் பேப்பர் கூடாது. சூடாக வறுத்து வைத்திருக்கும் கோழி கூடாது. அதே கோழி ஆறிப்போய் ஃப்ரிட்ஜுக்குள் போய்விட்டால் வாங்கலாம். இதில் என்ன தத்துவம் இருக்கிறதோ!

செப்டம்பர் 7, சனி

பணம் ஏறியதும் டெட்ராய்ட் ஈஸ்டர்ன் மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டோம். 1891-இலிருந்து அதே இடத்தில் நடக்கும் சந்தை. அங்கே கார்டைத் தேய்த்தால் டோக்கன் தருவார்கள். கூடவே 'டபுள் அப் ஃபுட் பக்ஸ்': நாம் எடுக்கும் டாலருக்கு டாலர் இன்னொரு பங்கு, பழத்துக்கும் காய்க்கும் மட்டும். 2009-இல் டெட்ராய்ட் சந்தைகளில்தான் இது ஆரம்பமானது. இப்போது பல மாநிலங்களில் இருக்கிறது.

மதியத்துக்கு மேல் போனால் வியாபாரிகள் திரும்பக் கொண்டுபோக மனசில்லாமல் கூடையோடு தள்ளிவிடுவார்கள். முனை ஒடித்துப் பார்த்து வெண்டைக்காய் பொறுக்கினேன். கடைக்காரர் முறைத்தார், முற்றலை வாங்கி நான் என்ன செய்ய? கத்திரிக்காய், தக்காளி, குடைமிளகாய், ஒரு பை ஆப்பிள். இரண்டு வாரத்துக்குக் காய்க் கவலை இல்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

பேப்பரோடு கூப்பன் தாள்கள், அதாவது கம்பெனிகள் தரும் தள்ளுபடிச் சீட்டுகள், வந்திருந்தன. மகன் வெட்ட, நான் பிரித்தேன். இருந்தவை: சீரியல், உறைய வைத்த பீட்சா, தயிர் டப்பா, சிப்ஸ், டிடர்ஜென்ட், ஷாம்பு, பற்பசை. துவரம் பருப்புக்குக் கூப்பன் கிடையாது, வெங்காயத்துக்கும் கிடையாது. யார் விளம்பரம் செய்வார்கள் வெங்காயத்துக்கு?

இரண்டு சீரியல் பெட்டிக்கு ஒரு டாலர் தள்ளுபடி என்று ஒரு கூப்பன். பெட்டி 4.99. இரண்டு வாங்கினால் கூப்பன் போக 8.98. பக்கத்துத் தட்டிலேயே கடையின் சொந்த பிராண்ட் 2.29, இரண்டும் சேர்த்து 4.58. அந்தக் கூப்பனைப் போட்டால் எனக்கு நாலு டாலர் நாற்பது சென்ட் நஷ்டம். கூப்பன் போட்டே சாமான் குவிக்கும் கூப்பன் ராணிகள் வீடியோவில் அடுக்கிக் காட்டும் அலமாரியைப் பார்த்தால் பாதிக்கு மேல் பொட்டலத் தீனி.

அதனால் நான் வேறு வழி பிடித்திருக்கிறேன். சாப்பாட்டை கார்டு பார்த்துக்கொள்ளட்டும். கூப்பன் முழுக்க, கார்டு வாங்கித் தராத சாமானுக்கு. டிடர்ஜென்டில் மூன்று டாலர் குறைந்தால் அது கையில் நிற்கும் ரொக்கம். பெட்ரோலுக்கு ஆகும், மகனின் பள்ளிக்கூடத்துக்கு ஆகும். கார்டில் மிஞ்சும் மூன்று டாலருக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. கம்பெனி கூப்பன் ஒன்று, கடையின் சொந்தக் கூப்பன் ஒன்று, இரண்டையும் ஒரே சாமானுக்குச் சேர்த்துப் போட விடும் கடையாகப் பார்த்து, விலை இறங்கும் வாரம் வரை காத்திருக்க வேண்டும். போன மாதம் பற்பசை கிட்டத்தட்ட சும்மாவே வந்தது.

செப்டம்பர் 12, வியாழன்

ஒரு கடையில் பில் போடும் பெண், "இந்தக் கார்டுக்கெல்லாம் கூப்பன் செல்லாது" என்றாள். வரிசை முழுக்கக் கேட்கும்படி. செல்லும். ஸ்நாப் ஏற்கிற கடை, மற்ற வாடிக்கையாளரை நடத்துவதுபோலவே நம்மையும் நடத்த வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. கூப்பனைத் திருப்பிக் காட்டினேன். பொடி எழுத்தில் எல்லாம் இருக்கிறது: கூப்பன் மதிப்போடு, கடைக்குக் கையாளும் கூலி 8 சென்ட்டையும் கம்பெனியே தந்துவிடும். ஆக, இதில் கடைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மேனேஜர் வந்து ஒரு பட்டனைத் தட்டினார், கழிந்தது. மன்னிப்பெல்லாம் யாரும் கேட்கவில்லை. நானும் அசையாமல் நின்று ரசீதை வரிவரியாகச் சரிபார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

செப்டம்பர் 21, சனி

புரட்டாசி முதல் சனி. தளிகை போட்டாயிற்று. கவுச்சி இல்லாத மாதம் கார்டுக்கும் நல்லது.

இந்தியக் கடையில் பிரிட்ஜ் கார்டு வாங்கிக்கொள்கிறார்கள். பொன்னி மூட்டை, நாலு பவுண்டு துவரம் பருப்பு, புளி. இங்கே கூப்பனும் கிடையாது, போன் ஆப்பும் கிடையாது. வெள்ளிக்கிழமை வாட்ஸ்அப்பில் வரும் தள்ளுபடி நோட்டீஸ்தான். மூட்டை அரிசி விலை இறங்கினால் அந்த வாரமே வாங்கிவிட வேண்டும், திங்கட்கிழமை இருக்காது.

செப்டம்பர் 27, வெள்ளி

கீழ் வீட்டு அம்மாவுக்குப் போனில் டிஜிட்டல் கூப்பன் ஏற்றிக் கொடுத்தேன். எழுபது வயசு தாண்டியவர், டெட்ராய்டிலேயே பிறந்து வளர்ந்தவர். கடை அலமாரியில் ஒட்டிய விலைச் சீட்டில் கொட்டை எழுத்தில் ஒரு விலை. கீழே சின்னதாக, ஆப்பில் கூப்பன் எடுத்தவருக்கு மட்டும். போன் பழகாதவர்கள்தான் இதில் அதிக விலை கொடுக்கிறார்கள்.

அவர் பழைய கதை சொன்னார். 1961-இல் கென்னடி காலத்தில், ஸ்நாப்பின் பழைய வடிவமான உணவு முத்திரைத் திட்டத்தைச் சோதித்துப் பார்த்த எட்டு இடங்களில் டெட்ராய்டும் ஒன்று. அப்போது முத்திரை இலவசம் இல்லை. குடும்பம் முதலில் தன் பணத்தைக் கட்ட வேண்டும், அதற்குமேல் கூடுதல் மதிப்புக்கு முத்திரை கிடைக்கும். கட்டக் கையில் காசு இல்லாமல் முத்திரை வாங்க முடியாமல் போனவர்கள் பலர். அந்த நிபந்தனையை நீக்கும் சட்டம் 1977-இல்தான் வந்தது. பிறகும் வெகுகாலம் காகிதப் புத்தகம்தான். பில் போடுபவர் கண்ணெதிரே கிழித்துக் கொடுக்க வேண்டுமாம். "வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் தெரியும்மா. கார்டு வந்ததும்தான் நிம்மதி" என்றார். பன்னிரண்டாம் தேதி நடந்ததை அவரிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

வருஷா வருஷம் அக்டோபரில் விலைவாசிக்கு ஏற்ப ஸ்நாப் தொகையைத் திருத்துவார்கள். மூன்று பேர் குடும்பத்துக்கு மாதம் அதிகபட்சம் 766 டாலராக இருந்தது, இன்றிலிருந்து 768. இரண்டு டாலர்! முழுத் தொகை வாங்குபவர்களுக்கே இவ்வளவுதான். முட்டை விற்கிற விலை வாஷிங்டனில் தெரியவில்லை போலிருக்கிறது.

அக்டோபர் 5, சனி

நவராத்திரி. கொலு மூன்றே படி. சுண்டலுக்கு டப்பாக் கொண்டைக்கடலைக்குக் கூப்பன் இருந்தது, தொடவில்லை. உலர்ந்த கடலை ஒரு பவுண்டை ராத்திரி ஊறப்போட்டால் மூன்று டப்பாவுக்கு மேலேயே ஆகிறது, உப்பும் நம் கையில்.

காலி கேன்களை மெஷினில் போட்டு வந்தார் இவர். மிச்சிகனில் கேனுக்கு முன்பணமாகக் கட்டிய 10 சென்ட் திரும்பக் கிடைக்கும். அதுவும் ரொக்கம், ஆகவே சோப்புக் கணக்கில் சேர்த்தாயிற்று. டிடர்ஜென்ட் கூப்பன் 12-ஆம் தேதியோடு முடிகிறது, இந்த வாரமும் விலை இறங்கவில்லை. புதன்கிழமை புது நோட்டீஸ் வரும், அதையும் பார்த்துவிட்டு வாங்கலாம் என்றிருக்கிறேன்.