‘செட்’ என்றால் வைப்பது மட்டுமல்ல

புதுச்சேரி ஓட்டல் வேலைக்குப் போகிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய ஆங்கிலச் சொல் ‘செட்’. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் மிக நீளமான பதிவு இதற்குத்தான். ‘செட் த டேபிள்’ என்றால் மேசையை நகர்த்துவது இல்லை. தட்டுக்கு இடப்பக்கம் முள்கரண்டி, வலப்பக்கம் கத்தி, அதன் வெட்டும் பக்கம் தட்டைப் பார்த்து, கத்திக்கு மேலே தண்ணீர் கிளாஸ் என்று அடுக்குவது. ‘செட் மெனு’வில் உணவும் விலையும் முன்பே முடிவானவை.

நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் ‘வை’. தட்டு வை, அலாரம் வை, தீ வை, தமிழில் எல்லாம் ஒன்றே. அதனால் ‘கீப் த அலாரம்’ என்று வாயில் வந்துவிடுகிறது. அலாரத்துக்கும் தீக்கும் ‘செட்’. தட்டுக்கு ‘புட்’ போதும். ‘கீப்’ என்றால் எடுக்காதே, அங்கேயே இருக்கட்டும் என்றாகிவிடும்.

சிமென்ட் இறுகுவதும் ஜெல்லி உறைவதும் ‘செட்’தான். கெட்டியாவதைச் சொல்லும் ‘ஹார்டன்’ சிமென்ட்டுக்கு ஓரளவு பொருந்தும், ஜெல்லிக்குப் பொருந்தவே பொருந்தாது. ஐப்பசியில் கடலூரில் மழை பிடித்துக்கொண்டால் ‘செட் இன்’.

இறந்தகாலத்திலும் ‘செட்’தான், ‘செட்டெட்’ கிடையாது. ‘ஹி செட்ஸ்’ நிகழ்காலம், ‘ஹி செட்’ இறந்தகாலம்.