சூயி: குண்டு மழைக்கு நடுவே ஹலோ சொன்ன பெண்கள்

முதலில் டாக்சிக் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வயிற்றெரிச்சல் அடங்காது. பாரிஸிலிருந்து டிஜிவி அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்தில் மியூஸ் ஸ்டேஷன். சுற்றிலும் வெறும் வயல். அங்கிருந்து சூயி கிராமம் பத்து கிலோமீட்டர்கூட இராது. மீட்டர் போடாமல் 45 யூரோ கறந்துவிட்டார் டிரைவர். நம் காசுக்குச் சுமார் 4,500 ரூபாய். பகல் கொள்ளை!

சரி, ஊருக்கு வருவோம். முதல் உலகப் போரின்போது, 1916 வெர்டூன் சண்டையில் பிரெஞ்சுத் தளபதி பெத்தான் இங்கிருந்துதான் படையை நடத்தினார். 1918இல் அமெரிக்க முதல் படையின் தலைமையகமும் இதே ஊர்தான். தளபதிகளைத் தேடி வருகிறவர்கள் வரட்டும். நான் வந்தது டெலிபோன் ஆபரேட்டர்களுக்காக.

பிரெஞ்சும் ஆங்கிலமும் தெரிந்த பெண்கள் வேண்டும் என்று 1917 கடைசியில் பிரான்சில் இருந்த அமெரிக்கப் படையின் தளபதி பெர்ஷிங் கேட்டார். 7,000 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள், இருநூற்றுச் சொச்சம் பேர் கடல் தாண்டி வந்தார்கள். ஒரு லைன் கொடுக்கச் சிப்பாய்க்கு ஒரு நிமிடம் ஆனால் இவர்களுக்குப் பத்தே விநாடி. ஒரு காதில் பிரெஞ்சு, மறு காதில் ஆங்கிலம். ஊர்களுக்கெல்லாம் சங்கேதப் பெயர், அதுவும் அடிக்கடி மாறும். அந்தக் காலப் புகைப்படம் ஒன்றில் சுவிட்ச்போர்டு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். நாற்காலி முதுகில் ஹெல்மெட்டும் விஷவாயு முகமூடியும் தொங்குகின்றன.

1918 அக்டோபர் 30 அன்று சூயி முகாமில் தீப்பிடித்தது. வெளியே வராவிட்டால் நடவடிக்கை எடுப்போம் என்று அதிகாரிகள் மிரட்டிய பிறகுதான் போர்டை விட்டு எழுந்தார்கள். தீ அடங்கியதும் மறுபடி வந்து உட்கார்ந்துவிட்டார்கள். என்ன பெண்கள்!

தலைமை ஆபரேட்டர் கிரேஸ் பாங்கருக்குப் பதக்கம் கொடுத்தார்கள். ஆனால் ஊர் திரும்பியதும் எல்லோரையும் 'நீங்கள் ராணுவமே இல்லை, ஒப்பந்த ஊழியர்கள்' என்று கைகழுவிவிட்டது அரசு. சீருடை போட்டு, உறுதிமொழி எடுத்தவர்களிடம் இப்படிச் சொல்ல எப்படி மனசு வந்தது? அவர்களில் ஒருவரான மெர்ல் ஈகன் ஆண்டர்சன் விடாமல் பல பத்தாண்டுகள் போராடினார். அவர்களும் ராணுவத்தினர்தான் என்று ஏற்கும் சட்டம் 1977இல்தான் வந்தது. அதற்குள் பெரும்பாலானவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இதை மன்னிக்கவே முடியாது.

வெர்டூனில் மிராபெல் பழ டார்ட் சாப்பிடாமல் வராதீர்கள். மஞ்சள் நிறக் குட்டி பிளம்ஸ், ஓரத்தில் சர்க்கரை கருகிய மணம். இரண்டாவதும் வாங்கினேன், பட்ஜெட்டாவது ஒன்றாவது.

அப்புறம், பாரிஸில் ஒரு நாள் மிச்சமிருந்தால் சுரேன் அமெரிக்கக் கல்லறைக்குப் போங்கள். போர் நின்ற 1918 நவம்பர் 11 அன்றே நோயில் இறந்த ஆபரேட்டர் ஐனெஸ் கிரிட்டெண்டன் அங்கேதான் இருக்கிறார். சான்-லசார் ஸ்டேஷனில் லோக்கல் ரயில் பிடித்தால் போதும், உள்ளே போகக் கட்டணம் இல்லை.