மசோதாவைக் கேள்வி கேட்ட நாட்கள்

2016 ஏப்ரலில் டப்ளினில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரிடம் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தேன். அயர்லாந்தின் கீழவைக்கு டாய்ல் என்று பெயர். அப்போது அதில் 158 இடங்கள். எங்கள் உறுப்பினர் எதிர்வரிசையில் இருந்தார். கில்டேர் தெருவில் இருக்கும் லென்ஸ்டர் ஹவுஸ் கட்டடத்தில் அவருக்கு ஒரு சின்ன அறை, அதில் என் மேசை ஜன்னலோரம். வருகிற மசோதாக்களைப் படிப்பது, எங்கே இடிக்கிறது என்று பார்ப்பது, அவர் அவையில் கேட்கவேண்டிய கேள்விகளை எழுதித் தருவது, இதுதான் என் வேலை.

சேர்ந்த சில வாரங்களிலேயே வீட்டுக்கடன் வட்டி பற்றிய மசோதா வந்துவிட்டது. மைக்கேல் மெக்ராத் என்ற டாய்ல் உறுப்பினர் கொண்டுவந்தது, 2016 மே மாதம் டாய்லில் விவாதத்துக்கு வந்தது. மாறும் வட்டியில் கடன் வாங்கியவர்களிடம் வங்கிகள் நியாயமில்லாமல் அதிகம் வசூலிப்பதாகத் தெரிந்தால் அதற்கு வரம்பு கட்டும் அதிகாரத்தை அயர்லாந்து மத்திய வங்கிக்குத் தரவேண்டும் என்பது அதன் சாரம். அந்த வருடம் மார்ச்சில்தான் ஐரோப்பிய மத்திய வங்கி தன் முதன்மை வட்டியைப் பூஜ்யத்துக்கு இறக்கியிருந்தது. ஆனால் அயர்லாந்தில் மாறும் வட்டிக் கடன்காரர்கள் 4 சதவீதத்தை ஒட்டிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டிலேயே ட்ராக்கர் கடன் வைத்திருப்பவர் இருப்பார். ஐரோப்பிய வட்டிக்கு மேல் இத்தனை சதவீதம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பதால் அவருக்கு ஒரு சதவீதமோ கொஞ்சம் கூடவோதான். 25 வருடத்துக்கு 2 லட்சம் யூரோ கடன் என்றால் 4 சதவீதத்தில் மாதத் தவணை 1,056 யூரோ, ஒரு சதவீதத்தில் 754. கணக்குப் போட்டுப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த மசோதாவை எதிர்த்து ஒருவர் என்ன பேசிவிட முடியும் என்று நினைத்தேன்.

பேசியது மத்திய வங்கியே. அந்த அதிகாரம் வேண்டாம் என்றது. வட்டிக்கு வரம்பு வந்துவிட்டால் புதிய வங்கிகள் இந்தச் சந்தைக்குள் வரத் தயங்கும், போட்டி குறையும், கடைசியில் கடன் கிடைப்பதே கஷ்டமாகும் என்பது அவர்கள் வாதம். எங்கள் உறுப்பினர் மசோதாவின் பக்கம்தான். ஆனாலும் மத்திய வங்கியின் அந்தக் கேள்விகளையெல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் தேடச் சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை. வாராவாரம் தொகுதியில் மக்களைச் சந்திக்கும் நேரம் உண்டு, அங்கே அதற்குக் கிளினிக் என்று பெயர். அங்கே வந்து தவணை கட்ட முடியவில்லை என்று அழுகிறவர்களை நேரில் பார்த்துவிட்டு, இங்கே வந்து வங்கிக்காரர்களின் கேள்விக்கு உட்கார்ந்து பதில் தேடுவதா என்று இருந்தது. ஒருநாள் வாய்விட்டுக் கேட்டும்விட்டேன். அவர் கோபப்படவில்லை. "இந்த மசோதா நாளைக்குச் சட்டமானால் அந்த அம்மாவின் தவணை எவ்வளவு குறையும், சொல்" என்றார். என்னால் சொல்ல முடியவில்லை.

அந்த அம்மா என்று அவர் சொன்னது முந்தின வாரம் கிளினிக்குக்கு வந்தவரை. ஐம்பதைத் தாண்டியவர், பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. தவணை எவ்வளவு குறையும் என்று கணக்கிட வேண்டுமானால் அவருடைய கடன் எந்த வகை, எத்தனை பாக்கி என்பதெல்லாம் தெரியவேண்டும். அதற்காகத்தான் அவருக்குப் போன் செய்து, முதன்முதலில் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைக் கொண்டுவரச் சொன்னேன். பிஸ்கட் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தார். மடிப்பு மடிப்பாகப் பழுத்த தாள். 2005இல் வாங்கிய கடன். ட்ராக்கரில் தொடங்கி, 2007இல் இரண்டு வருடத்துக்கு நிலையான வட்டிக்கு மாறியிருக்கிறார். அந்தக் காலம் முடிந்ததும் வங்கி அவரை மாறும் வட்டியில் தள்ளிவிட்டது. அவரும் அதுதான் முறை போலிருக்கிறது என்று கட்டிக்கொண்டே வந்திருக்கிறார். நான்காவது பக்கத்தில், பொடி எழுத்தில், நிலையான வட்டிக் காலம் முடிந்தால் வாடிக்கையாளர் ட்ராக்கருக்குத் திரும்பலாம் என்று ஒரே ஒரு வரி இருந்தது.

அந்த வரியை மூன்று முறை படித்தேன். பிறகு அவரிடம் தாளைத் திருப்பி, விரலை வைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இப்படி ட்ராக்கர் மறுக்கப்பட்டவர்கள் இருக்கிறார்களா என்று 2015 டிசம்பரிலேயே மத்திய வங்கி ட்ராக்கர் கடன்களைப் பரிசோதிக்கத் தொடங்கியிருந்தது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது 2017இல்தான் ஊருக்கே புரிந்தது. அந்த அக்டோபரில் பாதிக்கப்பட்டவர்கள் நாடாளுமன்ற நிதிக்குழுவின் முன் உட்கார்ந்து வீடு போனதையும் குடும்பம் உடைந்ததையும் சொன்னார்கள். 2019 மத்தியில் கணக்குப் பார்த்தபோது ஏறத்தாழ 40,000 வாடிக்கையாளர்கள், கொடுத்த ஈடு 68 கோடி யூரோவுக்கு மேல். எங்கள் அம்மாவுக்கு 2017 டிசம்பரில் வங்கியிலிருந்து கடிதம் வந்தது. வட்டி வரம்பு மசோதா சட்டமாகவே இல்லை. ஆகியிருந்தாலும் அவருக்கு அரை சதவீதமோ முக்கால் சதவீதமோ குறைந்திருக்கும், அவ்வளவுதான் என்பது என் கணக்கு. அந்தத் தாளில் இருந்த ஒரு வரி அதைவிடப் பல மடங்கு பெறும். யாரும் வந்து அதைக் கேளுங்கள் என்று எங்களிடம் சொல்லவில்லை. மசோதாவைக் குடைந்துகொண்டு போனபோது தற்செயலாகத்தான் அது கையில் பட்டது.

அடுத்தது மதுபான மசோதா. அது 2015 டிசம்பரிலிருந்தே மேலவையில் கிடந்து அடிபட்டு, இரண்டு வருடம் கழித்து டாய்லுக்கு வந்தது. குறைந்தபட்ச விலை, பாட்டிலில் எச்சரிக்கை வாசகம் எல்லாம் இருந்தாலும், சண்டை முழுக்க விற்பனை உத்திகளைப் பற்றிய பிரிவுகள் மேல்தான். பள்ளிக்கூடம், விளையாட்டுத் திடல் இவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் மது விளம்பரம் கூடாது. பஸ்ஸிலும் ரயிலிலும் கூடாது. குழந்தைகளுக்கான உடையில் மது பிராண்டின் பெயர் கூடாது. மைதானத்தில் ஆட்டம் நடக்கும் இடத்தில் கூடாது. மளிகைக் கடையில் பால், ரொட்டியோடு பாட்டில்களைக் கலந்து அடுக்கக் கூடாது, தடுப்பு வேண்டும்.

இந்த மசோதாவுக்குக் கேள்விகளை நாங்கள் தேடவே வேண்டியிருக்கவில்லை. கேள்விகள் தாமாகவே வந்தன. அழகாக அச்சிட்ட குறிப்புகள், தேநீர் அழைப்புகள், கனிவான தொலைபேசிகள். சின்னக் கடைக்காரர் தடுப்புக்கு எங்கே போவார்? உள்ளூர்ப் பத்திரிகை விளம்பரம் போய்விட்டால் என்ன ஆகும்? எல்லாமே நியாயமான கேள்விகள், அதுதான் சிக்கல். அவற்றில் ஒன்றை அப்படியே என் குறிப்பில் சேர்த்துக் கொடுத்தேன். உறுப்பினர் அந்த வரியைப் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் "இது யாருடைய கேள்வி?" என்று எழுதித் திருப்பி அனுப்பினார். அயர்லாந்தில் 2015 செப்டம்பரிலிருந்து, யார் எந்த விஷயமாக எந்த உறுப்பினரை அணுகினார்கள் என்பதைப் பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்த்தேன். சின்னக் கடைக்காரருக்காக உருகிய அந்த வரி ஒரு பெரிய உற்பத்தி நிறுவனத்துக்காக வேலை செய்பவர்கள் அனுப்பியது. வெட்கமாக இருந்தது.

கேள்வியை அவர் தூக்கிப் போடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் தொகுதியில் ஒரு நிஜமான சின்னக் கடைக்குப் போனோம். கல்லாவிலிருந்து பின்சுவர் வரை ஏழெட்டு எட்டு வைத்தால் முடிந்துவிடும் கடை. கடைக்காரர் அளவு டேப் எடுத்து வந்தார். 1.2 மீட்டர் உயரத் தடுப்பு எங்கே நிற்கும், நின்றால் ஐஸ்கிரீம் பெட்டியைத் திறக்க முடியுமா என்று அளந்தோம். முடியாது. ஆனால் தடுப்புக்குப் பதிலாக, ஒரு மீட்டர் அகலத்தில் மூன்று அலமாரிகளோடு நிறுத்திக்கொள்ளலாம் என்ற வழி மேலவையிலேயே சேர்க்கப்பட்டிருந்தது. அதை விளக்கினதும் அவர் தன் அலமாரிகளைப் பார்த்து, "என்னிடம் இருப்பதே இரண்டுதான்" என்றார். அந்தக் கேள்வி அங்கேயே முடிந்தது. உறுப்பினர் ஆதரித்து வாக்களித்தார். 2018 அக்டோபர் 17 அன்று குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். நான் அந்த வருடக் கடைசியில் வேலையை விட்டேன், திருப்தியாகத்தான் விட்டேன்.

மைதானத்தில் மது விளம்பரத்துக்கான தடை 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2022 பிப்ரவரியில் டப்ளினில் ஆறு நாடுகள் ரக்பி. வீட்டில் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். புல்தரையில் அதே பழைய பீரின் பெயர், அதே எழுத்து, பக்கத்தில் 0.0. மதுவே இல்லாத பானம் என்பதால் சட்டத்தின் வரையறைக்குள் அது வராது.

மற்றவர்கள் இதை யோசிக்காமல் விட்டதை நான் குறை சொல்ல மாட்டேன். நான் இந்தியாவில் வளர்ந்தவள். கேபிள் டிவியில் மது விளம்பரம் கூடாது என்று விதி வந்ததும், சாராயக் கம்பெனிகள் சோடாவுக்கும் பாட்டு சிடிக்கும் அதே பெயரை வைத்து விளம்பரம் செய்ததைப் பார்த்தே வளர்ந்தவள். எந்த சோடாவையும் யாரும் தேடி வாங்கியதில்லை, பெயர் மட்டும் மனதில் நின்றது. அந்த அறையில் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டிய ஆள் நான்தான். நான் அலமாரி உயரத்தையும் 200 மீட்டர் தூரத்தையும் சரிபார்த்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் வாசலுக்கு வந்த கேள்விகள் அவைதான்.

ஆட்டம் முடிந்ததும் பழைய பெட்டியைத் திறந்து என்னுடைய மசோதாப் பிரதியை எடுத்தேன். கடைகளைப் பற்றிய பக்கங்களில் இடமே இல்லாத அளவுக்குப் பென்சில் குறிப்புகள், அம்புக்குறிகள், கடைக்காரர் சொன்ன அளவுகள். இரண்டாம் பிரிவுக்குத் திருப்பினேன். எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று சொல்லும் வரையறைப் பிரிவு அது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் நான் ஒரு புள்ளிகூட வைத்திருக்கவில்லை.