ஃபயர்வாலை அணைத்தும் திறக்காத 445 போர்ட்

அலுவலகத்தில் ஒரு பழைய உபுண்டு 22.04 கணினியில் சம்பா (நெட்வொர்க்கில் ஃபோல்டர்களைப் பகிரும் மென்பொருள்) வழியாக ஒரு ஃபோல்டரைப் பகிர வேண்டியிருந்தது. பிங் போகிறது, தொலைவிலிருந்து வேலை செய்ய உதவும் எஸ்எஸ்ஹெச் நுழைகிறது, ஆனால் என் லினக்ஸ் லேப்டாப்பிலிருந்து சம்பா பயன்படுத்தும் 445 போர்ட்டைத் தொட்டால் மட்டும் 'நோ ரூட் டு ஹோஸ்ட்' என்று உடனே வந்து விழுகிறது. உபுண்டுவின் வழக்கமான ஃபயர்வால் கருவியான யுஎஃப்டபிள்யூவில் அந்த போர்ட்டுக்கு அனுமதி இருக்கிறது. சரி என்று யுஎஃப்டபிள்யூவையே டிசேபிள் செய்தேன், அப்போதும் அதே பதில்.

அந்த 'உடனே' என்பதில்தான் துப்பு இருந்தது. யுஎஃப்டபிள்யூ சாதாரணமாக வேண்டாத பாக்கெட்டைச் சத்தமில்லாமல் போட்டுவிடும், எதிர்முனை டைம்அவுட் ஆகும்வரை காத்துக் கிடக்கும். இங்கே மறுப்பு கையோடு திரும்பி வருகிறது. அதன் லாகிலும் 445 பற்றி 'பிளாக்' என்று ஒரு வரிகூட இல்லை. யுஎஃப்டபிள்யூ தன் விதிகளை எழுதும் ஐபிடேபிள்ஸ் பட்டியலிலும் சந்தேகப்பட எதுவுமில்லை.

அப்புறம் என்எஃப்டேபிள்ஸ் (லினக்ஸின் புதிய ஃபயர்வால் அமைப்பு) விதிகளை எல்லாம் காட்டும் 'சூடோ என்எஃப்டி லிஸ்ட் ரூல்செட்' கொடுத்ததும் வெளியே வந்தது: 'டேபிள் ஐநெட் ஃபயர்வால்டி'. முன்பு அந்தக் கணினியை வைத்திருந்தவர் ஃபயர்வால்டி என்ற இன்னொரு ஃபயர்வால் கருவியையும் நிறுவியிருக்கிறார், பூட் ஆகும்போது இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன. ஃபயர்வால்டியின் பப்ளிக் ஸோன் (அதன் இயல்பான விதித் தொகுப்பு) எஸ்எஸ்ஹெச்சை இயல்பாகவே விடும், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 2018இல் வந்த 0.6 பதிப்பிலிருந்து அது நேராக என்எஃப்டேபிள்ஸில் எழுதுகிறது, ஆகவே ஐபிடேபிள்ஸ் பட்டியலில் கண்ணில் படாது. ஒரு டேபிளில் 'அக்செப்ட்' கிடைத்தாலும் அடுத்த டேபிள் மறுத்தால் பாக்கெட் அங்கேயே நின்றுவிடும். அதனால் எதையும் ரீசெட் செய்வதற்கு முன் இந்த ரூல்செட்டை முழுசாகப் படித்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். இந்த மாதிரி நேரத்தில் பலர் சொல்லும் 'ஐபிடேபிள்ஸ் மைனஸ் எஃப்' (விதிகளை மொத்தமாக அழிக்கும் கட்டளை) பக்கம் போகவே வேண்டாம், யுஎஃப்டபிள்யூ ஓடும்போது இன்புட் பாலிசி, அதாவது எந்த விதியிலும் சிக்காமல் உள்ளே வரும் பாக்கெட்டுக்கான முடிவு, 'டிராப்' ஆக இருக்கும், விதிகளை மட்டும் அழித்தால் தொலைவிலிருந்து வேலை செய்பவரின் இணைப்பும் அறுந்துவிடும்.

பூட்டில் ஏறாமல் தடுக்கும் 'சிஸ்டம்சிடிஎல் டிசேபிள்', கூடவே உடனே நிறுத்தும் 'நவ்' போட்டு ஃபயர்வால்டியை நிறுத்திய கணமே 445 திறந்தது. யுஎஃப்டபிள்யூவிலும் பழைய விதிகள் குவிந்திருந்ததால் 'யுஎஃப்டபிள்யூ ரீசெட்' கொடுத்தேன், அது பழைய விதிக் கோப்புகளைத் தேதி சேர்த்து எடுத்து வைத்துவிட்டுத் தானும் அணைந்துவிடுகிறது. முதலில் எஸ்எஸ்ஹெச்சுக்கு அனுமதி, அடுத்து அலுவலக நெட்வொர்க்கான 192.168.1.0/24இலிருந்து மட்டும் 445க்கு அனுமதி, கடைசியாகத்தான் 'எனேபிள்'. ரீபூட் செய்து ரூல்செட்டை மறுபடி பார்த்தேன், ஃபயர்வால்டி டேபிள் இல்லை, ஃபோல்டர் திறக்கிறது.