அந்த நாலைந்து நாள்

“கருந்தோள் பருந்து உயிரோட இருக்கிறதத்தான் பிடிக்கும்கா, பயப்படாதீங்க.”

ஜொகூர் செம்பனை (எண்ணெய்ப்பனை)த் தோட்டத்தில் என்னோடு எலி மருந்து வைத்த அக்காவிடம் இதைத்தான் சொன்னேன். பொய் இல்லை. ஆனால் அவர் கேட்டது, “இந்த மருந்தைத் தின்ன எலி சாவ எத்தனை நாளாகும், தம்பி?”

நாலைந்து நாள். இது ரத்தத்தை உறையவிடாத மருந்து. எலி உள்ளுக்குள் கசிந்து மெல்லத்தான் சாகும். பெரும்பாலும் இருட்டில் நடமாடும் எலி, அந்த நாள்களில் பட்டப்பகலில் தள்ளாடி வெளியே வரும். உயிரோடுதான் வரும். புதிதாகக் கன்று நட்ட மறுநடவுக் காட்டுக்கு மேலே சிறகடித்து ஒரே இடத்தில் நின்று, கால்களைத் தொங்கவிட்டு இறங்கும் அந்தச் சிவந்த கண்ணுக்கு அதைவிட லேசான இரை எது?

மருந்து வைக்காமலும் முடியாது. இளங்கன்றின் அடியைச் சுரண்டி, வெள்ளை நார் பிய்ந்து தொங்க, குருத்து வரை தின்றிருந்ததைக் குனிந்து பார்த்தவன் நான். செத்த கன்றுக்கு மாற்று நடாவிட்டால், இருபத்தைந்து வருசத்துக்கு அந்த இடம் காலிதான். நாங்கள் வைத்ததும் வார்ஃபரின்; புரோடிஃபாகூம் என்ற இன்னொரு எலி மருந்து அளவுக்குக் கடுமையானது இல்லை. அப்படித்தான் மனதைச் சமாதானப்படுத்துகிறேன். அக்காவிடம் அந்த வித்தியாசத்தையாவது சொல்லியிருக்கலாம். கேட்டவர் இருபது கிலோ வாளியைத் தூக்கி நிரை நிரையாக நடந்தவர். பதில் அவருக்குச் சேர வேண்டியது.

பிறகு பருந்து வரவில்லை. மருந்தாலா? செம்பனை வளர்ந்து மட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால், திறந்தவெளிப் பறவை தானாகவே இடம் மாறிவிடும். இரண்டில் எது என்று சொல்ல என்னிடம் எந்தச் சான்றும் இல்லை.

இப்போது அடுத்த காட்டில் கன்று நடுகிறோம். தள்ளாடும் எலியையும் செத்ததையும் பொறுக்கிப் புதைக்கச் சொல்லி, வேலைக்கு ஆள் கூடும் பெரட்டிலேயே பேசுகிறேன். அதற்குத் தனி ஆள் போட முடியாது என்கிறார் மானேஜர். அவர் கணக்கும் தப்பில்லை. எலி தின்னும் கூகை கூடு கட்டப் பெட்டிகள் கேட்டிருக்கிறேன். மலேசியத் தீபகற்பத்தில் கூகை கூடு கட்டியது முதலில் பதிவானதே 1968-இல், இதே ஜொகூர் செம்பனையில்தான். பெட்டி வந்தாலும் மருந்தை நிறுத்துவதாகப் பேச்சில்லை. கூகையும் அதே எலியைத்தான் தின்னும்.