சுண்டெலி ஹெலிக்கேஸ் புரதம் ஒன்றை யாழ்ப்பாணத்திற்குத் தருவித்துப் பரீட்சித்த அனுபவம்

மூலிகைச் சாறுகளிலிருந்து நாங்கள் பிரித்தெடுத்த சில கூறுகள் சுண்டெலிக் கலங்களின் பெருக்கத்தை மட்டுப்படுத்தின. டி.என்.ஏ.யின் இரட்டை இழையைப் பிரிக்கும் நொதியம் ஏதேனும் தடுக்கப்படுவதால் அது நிகழ்கிறதா என்று நேரடியாகப் பார்ப்பதற்குத் ஹெலிக்கேஸ் எனப்படும் அவ்வகை நொதியப் புரதம் தூய்மையான நிலையில் தேவைப்பட்டது. கலங்கள் சுண்டெலியினுடையவை என்பதால் புரதமும் சுண்டெலியினதாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்து, பி.எல்.எம். என்ற ஹெலிக்கேஸைத் தெரிவு செய்தோம். 1954இல் டேவிட் புளூம் விவரித்த பரம்பரை நோயின் பெயரை இது தாங்கி நிற்கிறது. அந்நோய்க்குரிய மனித மரபணு 1995இல் இனங்காணப்பட்டது. கலத்தின் சக்தி மூலக்கூறான ஏ.ரி.பி.யை உடைத்துப் பெறும் சக்தியைக் கொண்டு, டி.என்.ஏ. இழையின் 3′ எனப்படும் முனையிலிருந்து 5′ எனப்படும் முனை நோக்கி நகர்ந்து இழைகளைப் பிரிப்பது இதன் தொழில்.

விற்பனைப் பட்டியல்களைப் பார்க்கத் தொடங்கியபோதுதான் பணியின் கடினமான பகுதி எது என்று தெரிந்தது. ஒரே பெயரில் பல குப்பிகள் இருந்தன. விலைகளும் மிக வேறுபட்டன. முழுப் புரதம் 1400க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களைக் கொண்டது. அவ்வளவு நீளமான ஒன்றை ஈ.கோலை பற்றீரியாவில் கரையக்கூடிய நிலையில் உருவாக்குவது இலகுவல்ல. ஆகவே சந்தைக்கு வருபவற்றுட் பல, மரபணுவின் ஒரு துண்டை மட்டும் பற்றீரியாவிற் புகுத்திப் பெறப்பட்டவை. அத்துண்டு ஹெலிக்கேஸ் மையத்தை உள்ளடக்கியதா, அன்றி அதற்கு அப்பாற்பட்ட முனைப் பகுதியா என்பது தரவுத்தாளில் உள்ள அமினோ அமில எண்களைப் பார்த்தால் மட்டுமே விளங்கும். '90 சதவீதத் தூய்மை' என்ற வரி, புரதங்களை அளவுக்கேற்பப் பிரிக்கும் ஜெல்லில் ஒரு பட்டை தெரிந்தது என்பதைச் சொல்கிறதேயன்றி, அந்தப் பட்டை வேலை செய்யும் என்று சொல்லவில்லை. பிறபொருளெதிரி தயாரிப்பதற்கோ, பிறபொருளெதிரிகளைக் கொண்டு செய்யும் எலைசா சோதனைக்கோ வாங்குபவருக்கு அது போதும், எங்களுக்குப் போதாது. ஏ.ரி.பி. உடைக்கும் வேகம் அளக்கப்பட்டதா, தூய்மையாக்குவதற்காகப் புரதத்துடன் இணைக்கப்பட்ட வால் எது, அதை வெட்டி நீக்கும் இடம் உண்டா, புரதம் கரைந்துள்ள பஃபரில் (அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் கரைசலில்) என்னென்ன உள்ளன என்று ஒவ்வொரு விற்பனையாளரிடமும் எழுத்தில் கேட்டோம். பதிலைத் தவிர்த்தவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கினோம். என் கருத்தில், விலைமனுக் கோருவதற்கு முன்னர் செய்ய வேண்டிய வேலை இதுவே. விலை குறைந்த குப்பியைத் தெரிவு செய்யும் கொள்வனவு நடைமுறைக்கு எங்கள் தேவை என்னவென்று விவரக்குறிப்பில் எழுதினால் மட்டுமே தெரியும்.

அளவைப் பொறுத்தவரை கணக்கு ஆறுதலளித்தது. வாலுடன் சேர்த்து ஏறத்தாழ 75 கிலோடாற்றன் எடையுள்ள துண்டில் 20 மைக்ரோகிராம் என்றால் அது சுமார் 267 பிக்கோமோல். 50 மைக்ரோலீற்றர் தாக்கத்தில் 10 நனோமோலார் செறிவு வைத்தால் ஒரு தாக்கத்துக்கு அரைப் பிக்கோமோல் மட்டுமே செலவாகும். அதாவது மிகச் சிறிய குப்பியே ஐந்நூறுக்கு மேற்பட்ட தாக்கங்களுக்குப் போதும். டொலர் பெறுமதியை நினைத்துத் தயங்கிய எங்கள் மேற்பார்வையாளர் இந்தக் கணக்கைப் பார்த்த பின்னரே கையொப்பமிட்டார்.

உலர்த்திய தூளா, திரவமா என்பது அடுத்த கேள்வி. தொலைவையும் வெப்பத்தையும் எண்ணினால் தூள்தான் யாழ்ப்பாணத்துக்கு ஏற்றது. ஆனால் உறைய வைத்து உலர்த்தும்போது சில நொதியங்கள் தொழிற்பாட்டை இழக்கின்றன. எங்களுக்குக் கிடைத்த தொழிற்பாட்டுத் தரவும் திரவ வடிவத்துக்கே இருந்தது. அதில் 50 சதவீதம் கிளிசரோல் இருந்ததால் −20 பாகையிலும் அது உறையாது. உறைந்து உருகும் சேதமும் இல்லை. 2022இல் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் இல்லாதிருந்த காலத்தைக் கண்டவர்களுக்கு இது சின்ன விடயமன்று. உறைகுளிரூட்டியின் வெற்றிடங்களை நீர்ப் போத்தல்களால் நிரப்பி வைக்கும் பழக்கம் எங்களிடம் இன்னமும் உண்டு.

இறக்குமதியின்போது விலைப்பட்டியலில் 'சுண்டெலி' என்றிருந்ததால், விலங்குப் பொருளா என்ற கேள்வி எழுந்தது. மரபணுவின் வரிசை மட்டுமே சுண்டெலியினது, புரதம் பற்றீரியாவில் உருவானது, தொற்றும் உயிரி எதுவும் அதில் இல்லை, ஆய்வுக்கு மட்டுமே பயன்படும் என்று உற்பத்தியாளரிடமிருந்தும் துறைத் தலைவரிடமிருந்தும் கடிதங்களை முன்கூட்டியே பெற்றிருந்தோம். கொழும்பு முகவர் அவற்றைச் சமர்ப்பித்தார். உலர்பனி, அதாவது திண்மக் காபனீரொட்சைட்டு, −78.5 பாகையில் வாயுவாக மாறுவது. அடைபட்ட வாகனத்தில் அவ்வாயு நிறைவது ஆபத்து, பெட்டியை இறுக மூடினால் பெட்டியே வெடிக்கலாம். எனவே கொழும்பிலிருந்து வடக்கே வரும் ஏறத்தாழ 400 கிலோமீற்றருக்கு, உற்பத்தியாளரின் சம்மதத்துடன், உறைந்த ஜெல் பொதிகள் அடுக்கிய ரெஜிபோம் பெட்டியையே பயன்படுத்தினோம். பகல் வெயிலைத் தவிர்த்து இரவிலேயே கொண்டுவந்தோம்.

குப்பியைத் திறப்பதற்கு முன் மையநீக்கியில் ஒரு சுற்றுச் சுழற்ற வேண்டும். மூடியில் ஒட்டியிருக்கும் துளியே குறிப்பிடத்தக்க பங்காக இருக்கலாம். பின்னர் சிறு பங்குகளாகப் பிரித்து வைத்தோம்.

தொழிற்பாட்டைச் சோதித்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் ஏ.ரி.பி. உடையும்போது வெளிவரும் பொஸ்பேற்றை மலக்கைட் கிறீன் சாயத்தால் அளந்தோம். பஃபரில் பொஸ்பேற்று இருந்தால் இச்சோதனை பயனற்றது. பொஸ்பேற்று இல்லாத ரிஸ் பஃபர்தானா என்று முன்னரே கேட்டதன் காரணம் இதுதான். நிறம் தோன்றியதும் மகிழ்ந்துவிட இயலாது. பற்றீரியாவிலிருந்து ஒட்டிவந்த வேறு புரதங்களும் ஏ.ரி.பி.யை உடைக்கும். ஆனால் பி.எல்.எம். தனியிழை டி.என்.ஏ. இருக்கும்போதுதான் வேகமாக இயங்கும். ஆகவே தனியிழையுடனும் தனியிழை இன்றியும் அளந்து, வேறுபாட்டையே கணக்கில் எடுத்தோம்.

இழை பிரிப்பதைப் பார்க்க, ஓர் இழையில் ஒளிரும் சாயமும் மற்றையதில் அவ்வொளியைத் தணிக்கும் மூலக்கூறும் கொண்ட இரட்டையிழையை அமைத்தோம். பிரிந்தால் ஒளிர்வு கூடும். பிரிந்தவை மீண்டும் சேராதிருக்க, சாயமற்ற இழையொன்றை மிகுதியாக இட்டோம். ஏ.ரி.பி. இல்லாமல் ஒன்று, நொதியத்துக்குத் தேவையான மக்னீசியத்தை ஈ.டி.ரி.ஏ. என்ற சேர்வையால் பிடித்துவைத்து ஒன்று, வெப்பத்தாற் பிரித்த மாதிரி ஒன்று என ஒப்பீடுகளை வைத்தோம். இவை அனைத்தும் சரியாக அமைந்த பின்னரும் ஒரு சந்தேகம் மிஞ்சியது: ஈ.கோலையின் சொந்த ஹெலிக்கேஸ்களான ரெக்கியூவும் யூ.வி.ஆர்.டி.யும் இதே திசையில்தான் நகர்கின்றன. ஏ.ரி.பி. பிணையும் இடத்திலுள்ள லைசீனை மாற்றிச் செயலிழக்கச் செய்த அதே துண்டை, அதே முறையில் தூய்மையாக்கி ஒப்பிடுவதே இதற்குரிய விடை. அந்த மாற்றுத் துண்டை இன்னொரு ஆய்வுக்குழு அன்பளிப்பாகத் தந்தது. அதில் ஒளிர்வு கூடவில்லை. அதன் பின்னரே எங்கள் குப்பியில் இருப்பது சுண்டெலி ஹெலிக்கேஸின் வேலை என்று ஆய்வேட்டில் எழுதினேன்.

அடுத்ததாக, பி.எல்.எம்.ஐத் தடுப்பதாக அறியப்பட்ட எம்.எல்.216 என்ற சேர்வையை இட்டபோது ஒளிர்வு எதிர்பார்த்தபடி தாழ்ந்தது. மூலிகைக் கூறுகள் சிலவும் அவ்வாறே தாழ்த்தின. ஆனால் தாவரத் தனின்கள் (துவர்ப்புப் பொருட்கள்) எந்தப் புரதத்தையும் பிணைத்து வீழ்படிவாக்கக் கூடியவை. நிறமுள்ள கூறுகள் ஒளிர்வையே மறைக்கவும் கூடும். இத்தகைய பொதுவான பிணைப்பைக் குறைக்கும் 0.01 சதவீத திரைற்றன் என்ற சோப்புப் பொருளையும் மாட்டுச் சீர அல்புமின் என்ற புரதத்தையும் சேர்த்து மீண்டும் செய்தபோது பெரும்பாலான கூறுகளின் தடுப்பு மறைந்துபோயிற்று. எஞ்சியவற்றை ஒளிர்வை நம்பாமல், இரட்டையிழையைக் குலைக்காத இயல்புநிலை ஜெல்லில் ஓடவிட்டு, பிரிந்த இழையையும் பிரியாத இழையையும் தனித்தனிப் பட்டைகளாகப் பார்த்து வருகிறோம்.