டோக்கன் மெஷின் வயரிங்: மெயின் போர்டுல கை வைக்காம மூணு வேலை

ஜப்பான்ல பாச்சிஸ்லோன்னு சொல்ற டோக்கன் மெஷினுங்க இது. மூணு உருளை, மூணு நிறுத்தற பட்டன், ஒரு லீவர், கீழ டோக்கன் கொட்டற தட்டு. அங்க கடையில ஓடி ஓஞ்சது வீட்டுக்கு வந்தா மூணு வேலை இருக்கு. நம்மூர் கரண்டுக்கு மாத்தணும், சத்தத்தைக் குறைக்கணும், டோக்கன் போடாம ஆட ஒரு பட்டன் வைக்கணும். மூணையும் வயர்லயும் கனெக்டர்லயும் மட்டும் செய்ய முடியும். உள்ள கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் பெட்டியில சீல் வெச்சு ஒரு போர்டு இருக்கும் பாருங்க, அதுதான் மெயின் போர்டு. சால்டரிங் மொனை அதுகிட்டயே போகக்கூடாது. அது போச்சுன்னா மாத்த இங்க ஆள் இல்லை.

முதல்ல கரண்டு. பவர் பெட்டியில ஒட்டியிருக்கிற லேபிளைப் படிங்க. பெரும்பாலும் ஏசி 100 வோல்ட்னு இருக்கும். 24 வோல்ட்னு இருந்தா அது வேற கணக்கு, கீழ சொல்றது எதுவும் அதுக்குப் பொருந்தாது. ஜப்பான்லயே ஒரு பாதி 50 ஹெர்ட்ஸ், மறுபாதி 60 ஹெர்ட்ஸ், அதனால ஹெர்ட்ஸ் பத்தி வெசனம் வேண்டாம்.

கடையில ரெடியாக் கிடைக்கிற, 230ஐ 110ஆ இறக்கற ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மரை வாங்காதீங்க. தோட்டத்து வீடுகள்ல ராத்திரி லோடு குறைஞ்சதும் லைன் 250 வரைக்கும் ஏறும். அப்ப அந்த 110 கிட்டத்தட்ட 120 ஆயிரும். 100 வோல்ட்டுக்குச் செஞ்ச மெஷின் அதைத் தாங்கினாலும் பவர் பெட்டி கொதிக்கும், கெப்பாசிட்டர் உப்பும். அதுலயும் விலை குறைஞ்சது பலதும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர், ஒரே காயில்தான். பொது முனை உள்ள விட்டுப்போச்சுன்னா 230 அப்படியே மெஷினுக்குள்ள போயிரும்.

கோயமுத்தூர் பக்கம் பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டற கடைக்கா பஞ்சம்? டிரான்ஸ்ஃபார்மரும் கட்டறவங்ககிட்டச் சீட்டுல இப்படி எழுதிக் குடுங்க: 300 விஏ, ரெண்டு தனித்தனி காயில், பிரைமரி (லைன் கரண்டு வர்ற பக்கம்) 0-210-230-250, செகண்டரி (மெஷினுக்குப் போற பக்கம்) 0-100, 3 ஆம்பியர். பிரைமரிக்கு 21 கேஜ், செகண்டரிக்கு 18 கேஜ் கம்பி. நடுவுல மைலர் பேப்பர், கடைசியில வார்னிஷ்ல முக்கிச் சூளையில காய வைக்கணும். வார்னிஷ் சரியா இறங்கலைன்னா ராத்திரியெல்லாம் உர்ருன்னு கத்தும். லோடு இல்லாம அளந்தா 103ல இருந்து 106 வரைக்கும் காட்டறது சரிதான், லோடு வந்தா இறங்கிரும். 110ஐத் தாண்டினா லைன் வயரை பிரைமரியில 250 டேப்புக்கு, அதாவது 250ங்கற முனைக்கு மாத்துங்க. பிரைமரி பக்கம் 2 ஆம்பியர் ஸ்லோ ஃப்யூஸ், செகண்டரியில 3 ஆம்பியர். சாதா ஃப்யூஸ் போட்டா சுவிட்ச் போடற அந்த இழுப்புலயே போயிரும், அப்பறம் மெஷின் கோளாறுன்னு தேடிட்டு இருப்பீங்க.

டிரான்ஸ்ஃபார்மரை மெஷினுக்குள்ளயே தரைப்பலகையில போல்ட் போட்டு இறுக்குங்க. வெளிய வர்றது மூணு முள் பிளக் ஒண்ணு மட்டும்தான். மெஷினோட வந்த தட்டை முள் பிளக்கை வெட்டி எறிஞ்சிருங்க. நம்ம எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல இருக்கிற எல்லாத்துக்கும் பொதுவான சாக்கெட்டுல அந்தத் தட்டை முள்ளும் வக்கணையாப் போய் உக்காரும். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையோ மச்சானோ நேரா 230ல சொருகிட்டா, பவர் போர்டுல வேரிஸ்டர் (ஓல்ட்டேஜ் ஏறினா தன்னைப் பலி குடுக்கற பாதுகாப்புப் பார்ட்) வெடிச்சு ஃப்யூஸ் போகும். அது ரெண்டோட நின்னா அதிர்ஷ்டம், ரெண்டையும் மாத்தினா உயிர் வரும்.

பச்சை வயரை லக் அடிச்சு இரும்பு ஃப்ரேம்ல, பெயின்ட்டைச் சுரண்டிட்டு இறுக்குங்க. பெயின்ட் மேல இறுக்கின எர்த்து எர்த்தே இல்லை. வயர் எல்லாம் 0.75 சதுர மில்லிமீட்டர் போதும்.

முதல் தடவை கரண்டு விடறப்ப மோட்டார் கட்டறவங்க வெச்சிருக்கிற, லைன்ல தொடரா பல்பு மாட்டின சீரிஸ் பல்பு போர்டுல போடுங்க, 100 வாட் குண்டு பல்பு. பளிச்னு எரிஞ்சு மங்கினா நல்லது. மங்காம நின்னா எங்கயோ ஷார்ட், உடனே அணைங்க. அதுக்கும் முன்னாடி பவர் பெட்டியைத் திறந்து ஒரு தடவை பாருங்க. மோட்டார் ரூம்ல போட்டு வெச்ச மெஷின்னா உள்ள காஞ்ச பல்லியோ எலி கடிச்ச வயரோ இல்லாம இருக்காது.

சத்தத்துக்கு வருவோம். கடைக்குச் செஞ்ச சத்தம், வீட்டுல காது கிழியும். பாதி மெஷின்ல குறைக்கத் திருகாணியே இருக்காது. ஸ்பீக்கர் வயர்ல தொடரா 47 ஓம் 5 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ஒண்ணு போட்டு, அதுக்குக் குறுக்க ஒரு டாகிள் சுவிட்ச். சுவிட்ச் மூடினா பழைய சத்தம், திறந்தா 8 ஓம் ஸ்பீக்கருக்குப் பதினேழு டெசிபல் கிட்டக் குறையும், முணுமுணுப்புதான். ரேடியோவுல வர்ற சின்ன கார்பன் வால்யூம் கன்ட்ரோலைப் போடாதீங்க, கருகிரும். ரெண்டு ஸ்பீக்கர்னா ரெண்டு ரெசிஸ்டர், ரெண்டு லைனையும் ஒரே தட்டுல மாத்தற டபுள் போல் சுவிட்ச் ஒண்ணு. மைனஸ் எல்லாம் ஒண்ணுதானேன்னு ரெண்டு ஸ்பீக்கர் மைனஸையும் சேர்த்துக் கட்டிட்டா ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) செத்துரும். ஸ்பீக்கரோட ரெண்டு முனையையும் ஓட்டற பிரிட்ஜ் ஆம்ப்ல மைனஸ்னு தோணற வயர்லயும் ஓல்ட்டேஜ் இருக்கும். அதே காரணத்துக்காக ஃப்ரேம்லயும் தொட விடாதீங்க.

இப்பப் பட்டன். இங்கதான் முக்காவாசிப் பேர் தடுக்கி விழறது. டோக்கன் போற வழிக்கு செலக்டர்னு பேரு. அங்க சென்சார் இருக்கும், அதைப் பட்டனால ஷார்ட் பண்ணினா கிரெடிட் (மெஷின் கணக்குல நிக்கற டோக்கன்) ஏறும்னு நெனைப்பாங்க. ஏறாது, எரர்தான் வரும். காரணம், அங்க இருக்கிறது ரெண்டு சென்சார். டோக்கன் முதல் சென்சாரை மறைக்கும், அதை விடறதுக்கு முன்னாடியே ரெண்டாவதையும் மறைக்கும், அப்பறம் முதலாவது திறக்கும், கடைசியா ரெண்டாவது. இந்த வரிசை புரண்டாலோ ஒண்ணு மட்டும் அசைஞ்சாலோ, நூல் கட்டி டோக்கனை மேலயும் கீழயும் இழுக்கறவன் வந்துட்டான்னு மெஷின் முடிவு பண்ணிரும்.

அதனால அந்த வரிசையில பொய்த் துடிப்பு விட ஒரு அர்டுயினோ நானோவும் (புரோகிராம் ஏத்தற சின்ன கன்ட்ரோலர் போர்டு), மூணு பிசி 817 ஆப்டோகப்ளரும் (வயர் தொடாம வெளிச்சத்தால சிக்னல் கடத்தற ஐசி) வேணும். காந்திபுரம் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடைகள்ல கிடைக்கும். நானோவுக்குக் கரண்டு தனி செல்போன் சார்ஜர்ல இருந்து. மெஷினோட 5 வோல்ட்டைத் தொட்டா ஆப்டோகப்ளர் போட்டதுக்கே அர்த்தம் இல்லாமப் போயிரும்.

வயர் இழுக்கறதுக்கு முன்னாடி மீட்டரை வெச்சு ஒவ்வொரு சென்சார் சிக்னல் வயரையும் அளங்க. டோக்கன் இல்லாதப்ப எவ்வளவு, டோக்கனை இடையில பிடிச்சப்ப எவ்வளவு? சும்மா இருக்கறப்ப 5 வோல்ட், மறைச்சா பூஜ்யம்னா வேலை சுலபம். ஆப்டோகப்ளரை சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் இடையில இணையாக் குடுத்தாப் போதும். தலைகீழா, சும்மா இருக்கறப்ப பூஜ்யம், மறைச்சா 5னு காட்டினா இணையாக் குடுத்து பிரயோஜனம் இல்லை. சென்சாரே அந்த வயரைக் கீழ அமுக்கிப் பிடிச்சிட்டு இருக்கு. அப்ப சிக்னல் வயர்ல தொடராப் போட்டு, எப்பவும் ஆன்ல வெச்சு, துடிப்பு வேணுங்கறப்ப மட்டும் அணைக்கணும். வயர் அறுந்த மாதிரி ஆனதும் போர்டு பக்கத்து ரெசிஸ்டர் அதை 5க்கு ஏத்திரும். இதுல நானோ அணைஞ்சிருந்தா டோக்கன் மாட்டின மாதிரி எரர் வரும், ஞாபகம் இருக்கட்டும்.

ஆப்டோ எல்ஈடிக்கு 330 ஓம், 11 மில்லி ஆம்பியர் கிட்ட வரும். நேரக் கணக்கு (ஆன்னா டோக்கன் மறைச்ச நிலை): முதல் சென்சார் ஆன், 20 மில்லி செகண்டு கழிச்சு ரெண்டாவது ஆன், இன்னொரு 20ல முதலாவது ஆஃப், இன்னொரு 20ல ரெண்டாவது ஆஃப். அடுத்த டோக்கனுக்கு முன்னாடி 100 விடுங்க. எரர் வந்தா ஒவ்வொண்ணையும் பத்துப் பத்தா ஏத்தி இறக்கிப் பாருங்க. ஒரு அழுத்துக்கு மூணு டோக்கன் வெச்சா ஒரு ஆட்டம்.

மூணாவது ஆப்டோ எதுக்கு? செலக்டர்ல ஒரு சின்ன சொலினாய்டு, அதாவது கரண்டு விட்டா இழுக்கற காந்தக் காயில் இருக்கும். உருளை சுத்தறப்பவும், கிரெடிட் 50 நிறைஞ்சப்பவும் அது டோக்கனைத் தட்டுக்கே தள்ளி விட்டுரும். அந்த நேரத்துல நம்ம துடிப்பு போனா, உள்ள வர முடியாத டோக்கன் எப்படி வந்துச்சுன்னு மறுபடியும் எரர். அதனால சொலினாய்டு வயர் ரெண்டுலயும் 2.2 கே அரை வாட் ரெசிஸ்டரோட இந்த ஆப்டோவைக் குடுத்து, வழி திறந்திருக்கான்னு நானோ பாத்துட்டுத்தான் துடிப்பு விடணும். கணக்கு 24 வோல்ட் சொலினாய்டுக்கு. கரண்டு வந்தா திறக்குமா மூடுமாங்கறதை டோக்கன் போட்டு அளந்து முடிவு பண்ணுங்க.

பட்டன் வெச்சாலும் ஹாப்பர் (டோக்கனை வெச்சிருந்து எண்ணித் தள்ளற பெட்டி) காலியா இருக்கக்கூடாது. ஜெயிச்சு கிரெடிட் 50 நிறைஞ்சா மிச்சம் தட்டுல கொட்டித்தான் ஆகணும். டோக்கன் 25 மில்லிமீட்டர் விட்டம், 1.6 தடிமன். 2011ல வந்த ரெண்டு ரூபா காசும் அதே 25தான், அதைப் போட்டுப் பாக்கற ஆசை வரும். எடையும் விளிம்பும் வேற, ஹாப்பர் தட்டுல போய் மாட்டும். காசு பொழங்க ஆரம்பிச்சா விளையாட்டு சூதாட்டமா மாறிரும், அது இன்னொரு வம்பு. கறுத்த டோக்கனைச் சோப்புத் தண்ணியில அலசி, வெயில்ல நல்லாக் காய வெச்சுப் போடுங்க. அந்தக் கறுப்பு மசிதான் ஹாப்பர் வாயில இருக்கிற எண்ணற சென்சாரை மூடும். அப்பறம் மெஷின் டோக்கன் நிறைய இருக்கறப்பவே காலின்னு சொல்லும்.

வழிஞ்ச டோக்கன் விழற தொட்டியை எடத்துக்காகக் கழட்டறவங்களும் உண்டு. அங்க ரெண்டு கம்பிமுனை இருக்கும், டோக்கன் ரெண்டையும் தொட்டா தொட்டி நிறைஞ்சதுன்னு மெஷின் நின்னுரும். தொட்டியைக் கழட்டினா அந்த ரெண்டு வயருக்கும் தனித்தனியா ஸ்லீவ் போட்டு விடுங்க. ரெண்டையும் சேர்த்து முறுக்கி டேப் சுத்தினா மெஷின் ஆன் ஆனதுல இருந்தே எரர்தான்.

கட்டின வயர் ஒவ்வொண்ணுலயும் ஒரு சின்ன பேப்பர் லேபிள் ஒட்டுங்க. வெட்டாமக் கழட்டின பழைய கனெக்டர்களை ஒரு கவர்ல போட்டு, அளந்த ஓல்ட்டேஜ் எழுதின சீட்டோட கதவுக்கு உள்பக்கம் டேப் போட்டு ஒட்டிருங்க.